‘பைலட் எரர்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே படம் சுற்றியது. ஒரு சின்னப் பயிற்சி விமானம் ரன்வேயில் மூக்குக் குத்தி நிற்கிறது. முன்சக்கரம் மடங்கிக் கிடக்கிறது. புரொப்பல்லர் வளைந்திருக்கிறது. ஓட்டி வந்தது நம் வீட்டுப் பிள்ளை. அவளுடைய அப்பா என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன், எனக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தானே கதவைத் திறந்து இறங்கி வந்துவிட்டாள்.

படத்துக்குக் கீழே வந்தவற்றைப் படித்தேன். "அதான் அப்பவே சொன்னேன்." "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" "ஸ்கூட்டியே ஒழுங்கா ஓட்டத் தெரியாது." இந்த மூன்றுக்கும் பதில் சொல்லி என் நேரத்தைச் செலவழிக்க மாட்டேன். எழுதியவர்களுக்கே ஒரு நாள் வெட்கமாக இருக்கும். நான்காவதாக ஒன்று வந்தது. "பைலட் எரர். கேஸ் குளோஸ்டு." எழுதியவன் இன்ஜினியர். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன். முப்பத்தேழு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். தம்பி, இந்தப் பதிவு முக்கியமாக உனக்குத்தான்.

நீங்கள் விளையாட்டாக எழுதிய வரிக்கு அங்கே விலை இருக்கிறது. பயிற்சிப் பள்ளிக்காரர்கள் (எந்தப் பள்ளி என்று இங்கே எழுத மாட்டேன்) அந்தப் பிள்ளையிடம் ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். "என் கவனக்குறைவால் நேர்ந்தது, முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். விசாரணை இன்னும் முடியவில்லை. அதற்குள் கடிதம் தயார். அவளுடைய அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்: "சார், எல்லாரும் அவ தப்புன்னுதானே சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாமா?" அந்த "எல்லாரும்" நீங்கள்தான்.

முதலில் நடந்தது என்ன வகை விபத்து என்று பார்ப்போம். செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம் தரையை நோக்கி வரும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும். வேகம் கொஞ்சம் கூடினாலோ, தூக்குவது ஒரு நொடி பிந்தினாலோ விமானம் பந்து மாதிரி எழும்பும். எழும்பினால் மூக்கைக் கீழே தள்ளத்தான் மனித உடம்பு துடிக்கும். தள்ளினால் முன்சக்கரம் முதலில் மோதும். இன்னும் உயரமாக எழும்பும். மறுபடி தள்ளினால் மறுபடி மோதும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது துள்ளலில் முன்சக்கரத்தின் கால் ஒடிந்து, புரொப்பல்லர் தரையில் அடிபடும். செய்ய வேண்டியது முழு எஞ்சின் சக்தி கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து திரும்ப இறங்குவது. அதை முடிவு செய்யக் கிடைப்பது ஓரிரு நொடிகள்.

இந்தத் துள்ளலுக்கு ஆங்கிலத்தில் ‘போர்ப்பாயிஸ்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கடலில் துள்ளித் துள்ளிப் போகும், டால்பின் மாதிரியான ஒரு பிராணியின் பெயர். ஒரு விபத்துக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அது நடந்திருக்கிறது என்றால் நம் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் அதே மாதிரி துள்ளியிருப்பார்கள் என்று யோசியுங்கள். ஆண்பிள்ளைகள்தான் அதில் மிகப் பெரும்பான்மை, ஏனென்றால் ஓட்டியவர்களில் மிகப் பெரும்பான்மை அவர்கள்தான்.

இனி ‘பைலட் எரர்’ கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் பீச்கிராஃப்ட் என்ற கம்பெனி 1947 முதல் ‘பொனான்ஸா’ என்ற சின்ன விமானத்தைச் செய்து விற்றது. நல்ல விமானம், வசதியுள்ளவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது. பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு சுவிட்ச். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற பலகையை இறக்கி ஏற்ற இன்னொரு சுவிட்ச். இறங்கும்போது ஃபிளாப்பை இறக்கினால்தான் குறைந்த வேகத்திலும் இறக்கை விமானத்தைத் தாங்கும். தரையைத் தொட்டதும் சில விமானிகள் ஃபிளாப்பை உடனே ஏற்றிவிடுவார்கள். எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

இப்படித் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபிளாப்பை ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை மடக்கிவிட்டார்கள் சில விமானிகள். விமானம் அப்படியே வயிற்றில் உட்காரும். புரொப்பல்லர் வளையும். பெரும்பாலும் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. செலவும் அவமானமும்தான். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு காகிதம் எழுதி மூடினார்கள். காரணம்: விமானி தவறான சுவிட்சைப் போட்டார். தம்பி, உன் பாஷையில் கேஸ் குளோஸ்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. போட்டது விமானியின் கைதானே.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்தக் காகிதங்களை மொத்தமாக எடுத்து வைத்து எண்ணிப் பார்த்து 1980 ஜூனில் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. 1975 முதல் 1978 வரை, சக்கரம் மடங்கும் ஒற்றை எஞ்சின் சின்ன விமானங்களில் இப்படித் தெரியாமல் சக்கரத்தை மடக்கிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பொனான்ஸாவில் நடந்தவை. ஆனால் அந்த வகை விமானங்களின் மொத்த எண்ணிக்கையில் பொனான்ஸாவின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. இரட்டை எஞ்சின் வகையில் அதே கம்பெனியின் ‘பேரன்’ விமானத்திலும் இதே கதை. கவனக்குறைவான ஆட்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டா ஒரே கம்பெனி விமானத்தை வாங்கினார்கள்?

காரணம் சுவிட்ச் இருந்த இடம். மற்ற பெரும்பாலான விமானங்களில் சக்கரத்தின் சுவிட்ச் இடதுபுறம், ஃபிளாப் வலதுபுறம். பீச்கிராஃப்டில் இது தலைகீழ். பல வருடம் வேறு விமானம் ஓட்டிய கை, கண்ணைக் கேட்காமல் பழகின இடத்துக்குப் போகும். பழைய என்ஃபீல்டு புல்லட் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகினவன் புல்லட்டில் ஏறி, மாடு குறுக்கே வந்ததும் வலது காலை அமுக்குவான். கியர்தான் மாறும். அவனைக் குருடன் என்று சொல்வீர்களா?

அதோடு பொனான்ஸாவில் இரண்டு சுவிட்சும் கிட்டக் கிட்ட இருந்தன. கைப்பட்டால் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு வடிவம் இல்லை. பல மாடல்களில் ஸ்டியரிங்கைத் தாங்கும் தடித்த குறுக்குக் கம்பி அவற்றைக் கண்ணுக்கு மறைத்தது. எடை சக்கரத்தின் மேல் இருந்தால் மடங்காமல் தடுக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருந்தது உண்மை. ஆனால் தரையைத் தொட்ட முதல் சில நொடிகளில் இறக்கைதான் இன்னும் பாதி எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காவல்காரன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். 1984 மாடலிலிருந்து அந்தக் கம்பெனி சுவிட்சுகளை மற்றவர்களைப் போல இடம் மாற்றி வைத்தது.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது எதற்கென்றால், 1980-க்கு முப்பது நாற்பது வருடம் முன்னாலேயே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாக இறங்கிய பிறகு வயிற்றில் உட்கார்ந்தன. அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளரிடம் இந்தப் புதிர் போனது. அதே ராணுவத்தின் சி-47 சரக்கு விமானத்தை ஓட்டியவர்களுக்கு இந்தத் ‘தவறு’ வரவில்லை என்பதை அவர் கவனித்தார். பி-17-இல் இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளை மாதிரி. சி-47-இல் அப்படி இல்லை. சபானிஸ் சக்கரத்தின் கைப்பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தை ஒட்டினார், ஃபிளாப் கைப்பிடியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை ஒட்டினார். இருட்டில் தொட்டாலே தெரியும். இன்றைக்கும் விமானங்களில் சக்கரக் கைப்பிடி உருண்டையான சக்கர வடிவில் இருப்பது அதனால்தான். 1947-இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் ‘விமானி தவறு’ என்று பெயர் வாங்கிய 460 சம்பவங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி, ஒன்றுக்குப் பதில் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தது.

நான் 34 வருடம் விடைத்தாள் திருத்தியவன். ஒரு பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைப்போம். முப்பது பிள்ளைகள் அதே இடத்தில் அதே தப்பைச் செய்திருந்தால் எந்த வாத்தியாரும் முதலில் கேள்வித்தாளைத்தான் கையில் எடுப்பார், அடுத்து பாடப்புத்தகத்தை. முப்பது பேரையும் வெயிலில் முட்டி போட வைப்பவரை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

இன்னொரு விபத்தைச் சொல்ல வேண்டும். இது சுவிட்ச் கதை மாதிரிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது இல்லை. இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியில் சவுத்எண்ட் என்ற ஊர். 2006 ஜூலை 19. பதினாறு வயதுப் பையன், செஸ்னா 150 விமானத்தில், வாழ்க்கையில் இரண்டாவது முறையாகத் தனியாகப் பறக்கிறான். இறங்குவதற்காக ரன்வேயை நோக்கி வருகிறான். பின்னால் வேகமான இன்னொரு விமானம் இறங்க வருகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து முதலில் "இறங்காதே, மேலே ஏறிச் சுற்றிவா" என்று சொல்கிறார்கள். உடனே அதை மாற்றி, ரன்வேயின் நேர்கோட்டை விட்டுத் திரும்பி விலகிப் போகச் சொல்கிறார்கள். பையன் சொன்னபடி திரும்புகிறான். உயரமும் குறைவு, வேகமும் குறைவு. திரும்பும்போது இறக்கைக்கு வழக்கத்தைவிட அதிக வேகம் தேவை. அது இல்லாமல் போனால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், அதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். விமானம் விழுந்தது. பையன் இறந்துபோனான்.

வேகத்தைக் கவனிக்காமல் விட்டது யார்? விமானத்தில் இருந்தது அவன் ஒருவன்தான். ‘பைலட் எரர்’ என்று ஒரு வரியில் எழுதி அந்தப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கலாம். பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு அப்படிச் செய்யவில்லை. அவனுடைய பயிற்சியும் அனுபவமும் அவனைத் தயார் செய்திராத ஒரு நிலைமையில் அவன் மாட்டிக்கொண்டான் என்று அறிக்கை சொன்னது. மேலே ஏறிச் சுற்றிவருவது சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். முதல் உத்தரவைப் பாதியில் மாற்றி, தாழ்ந்த உயரத்தில் திரும்பச் சொன்னது அவனுக்குப் பழக்கமில்லாத சோதனை. இப்போது பிரிட்டனில் தனியாகப் பறக்கும் பயிற்சி மாணவர் ரேடியோவில் தன் விமானத்தின் பெயருக்கு முன்னால் ‘ஸ்டூடண்ட்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு உடனே தெரியும், எதிரில் இருப்பது கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, எளிமையாகப் பேச வேண்டும் என்று. நம் ஊரில் காரின் பின்னால் ‘எல்’ போர்டு மாட்டுகிறோமே, அதே நியாயம்.

‘பைலட் எரர்’ என்று நின்றிருந்தால் கோபுரத்தில் எப்படிப் பேச வேண்டும் என்ற கேள்வியே எழுந்திருக்காது. அடுத்த பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அதே மாதிரி ஓர் உத்தரவு போயிருக்கும்.

இது என் சொந்தக் கருத்து என்று நினைக்காதீர்கள். 1944-இல் சிகாகோவில் உருவான உலக ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, யார் மேலும் பழி சுமத்துவது அதன் வேலை இல்லை என்று அது சொல்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. 2012-இல் இதற்கென்று தனியாக விமான விபத்து விசாரணைப் பிரிவைத் தொடங்கினோம். 2017-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே வாசகம் சட்டமாகவே இருக்கிறது. ஆனாலும் 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் அந்தப் பெரிய விமானம் விழுந்த ராத்திரியே நம் குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கருப்புப் பெட்டியைக்கூட அப்போது திறந்திருக்கவில்லை.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும் தம்பி. "அப்போ யாருக்குமே பொறுப்பு கிடையாதா சார்? குடிச்சிட்டு ஓட்டினாலும் சும்மா விடணுமா?" நல்ல கேள்வி. குடித்துவிட்டு ஓட்டினவனுக்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, லைசென்ஸைப் பிடுங்க அதிகாரி இருக்கிறார். அந்த வேலையை அவர்கள் தனியாகச் செய்யட்டும். விசாரிக்க வருபவர் கையிலேயே பிரம்பும் இருந்தால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? வகுப்பில் கண்ணாடி உடைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது பேரும் கூரையைப் பார்ப்பீர்கள்.

1974 டிசம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514-ஆம் விமானம், வாஷிங்டன் பக்கத்தில் இறங்க வரும்போது ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் வேறு கம்பெனி விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்தக் கம்பெனிக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான், 1976-இல், விமானிகள் தங்கள் தடுமாற்றங்களை எழுதி அனுப்ப நாசாவிடம் ஒரு ஏற்பாடு வந்தது. அனுப்பியவரின் பெயரை மறைத்துவிடுவார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறாக இருந்து, குறித்த நாளுக்குள் எழுதியிருந்தால் அபராதத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். ஐம்பது வருடமாக மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பயமில்லாத இடத்தில்தான் பிள்ளை வாயைத் திறக்கும் என்று என் மனைவி முப்பது வருடமாக என்னிடம் சொல்லி வருகிறாள், அவளும் வாத்தியார்தான்.

இப்போது நம் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ‘பைலட் எரர்’ என்றால் யாரும் கேட்கத் தேவையில்லாமல் போகும் கேள்விகள் சில இருக்கின்றன. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு? தனியாக அனுப்பலாம் என்று யார் முடிவு செய்தார்? துள்ளினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை செய்து காட்டினார், அவளை எத்தனை முறை செய்ய வைத்தார்? அது அன்றைக்கு அவளுடைய எத்தனையாவது இறக்கம்? முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள்? அந்த விமானம் அதற்கு முன்னால் எத்தனை முறை பலமாக அடிபட்டு இறங்கியது, அது பதிவேட்டில் இருக்கிறதா? முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கியில் காற்றழுத்தம் சரியாக இருந்ததா? இருக்கை சரியாகப் பூட்டியிருந்ததா? கடைசிக் கேள்வி சிரிப்பாக இருக்கும். பழைய செஸ்னாக்களில் இருக்கை பூட்டு தேய்ந்துபோய், இருக்கையே விமானியோடு பின்னால் வழுக்கிப் போன விபத்துகள் உண்டு. அதற்கென்றே அமெரிக்க அரசு கட்டாயப் பரிசோதனை உத்தரவு போட்டது.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் பள்ளியிடம்தான் இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்து மட்டும் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். இன்ஜினியர் தம்பி, உன் தொழிற்சாலையில் ஒரு அப்ரெண்டிஸ் பையனின் விரல் நசுங்கினால், மெஷினில் தடுப்பு இருந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் அவனிடம் இப்படிக் கடிதம் வாங்குவாயா? வாங்கினால் உன் முதலாளி வேண்டுமானால் சந்தோஷப்படுவார்.

அவளுக்குத் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது துள்ளலில் மேலே ஏறியிருக்க வேண்டும். அதை அவளே என்னிடம் சொன்னாள், ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல். அவள் அதை விசாரணை அதிகாரியிடமும் சொல்லட்டும். சொல்வதற்கும், "எல்லாம் என் கவனக்குறைவு" என்று மற்ற அத்தனை கேள்விகளின் மேலும் மண்ணைப் போட்டு மூடிக் கையெழுத்துப் போடுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

அவளுடைய அப்பாவிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், அதே நிலைமையில் இருக்கும் வேறு பெற்றோர் யாருக்காவது உதவும். கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். அதற்குப் பதிலாக, பிள்ளை அன்றைக்குக் காலை எழுந்ததிலிருந்து விமானத்தை விட்டு இறங்கியது வரை, நடந்ததை மட்டும், நேரம் போட்டு, ஞாபகம் மங்குவதற்கு முன்னால் எழுதி வைக்கட்டும். ‘நான் நினைத்தேன்’, ‘நான் பயந்தேன்’ என்பதையும் எழுதட்டும், அதுவும் தகவல்தான். ஒரு பிரதி தன்னிடம், ஒரு பிரதி விசாரணை அதிகாரிக்கு. பயிற்சிப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பழுதுபார்க்கும் செலவைப் பற்றிப் பள்ளி பேசினால், இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்கட்டும்.

குழுவில் அந்தப் படத்தைப் போட்டவர் அதை எடுத்துவிடுங்கள். நான்காவது கருத்தை எழுதியவன் அதை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கீழே உன் மறுப்பை எழுது. மேலே நான் கேட்ட கேள்விகளில் எது தேவையில்லாதது என்று ஒவ்வொன்றாகச் சொல். நாளைக் காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை எழுத்து தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன்.